நீல சாக்கெட்டில் இரவு முழுக்கக் காருக்குச் சார்ஜ் போடுவது

கேம்பிங் தளங்களிலும் கேரவன் நிறுத்துமிடங்களிலும் படகுத் துறைகளிலும் இடுப்பளவு உயரத் தூண் ஒன்றில் நீல மூடி போட்ட வட்ட சாக்கெட் இருக்கும். ஐஇசி 60309 என்ற சர்வதேசத் தரத்தில் வருவது அது. நீலம் என்றால் 230 வோல்ட் வகை, மஞ்சள் 110, சிவப்பு 400. உள்ளே மூன்று பின்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். எர்த் பின் மட்டும் மற்ற இரண்டைவிடத் தடிமனாக இருப்பதால் பிளக்கை மாற்றிச் செருகவே முடியாது. மேலே 16 ஆம்ப் என்று எழுதியிருக்கும். 230ஐ 16ஆல் பெருக்கினால் 3,680 வாட். மின்சாரக் காருக்கு ஒரு ராத்திரிக்கு இது தாராளம் என்று தோன்றும்.

ஆனால் அந்த 16 என்பது உச்சவரம்பு. கேரவனில் ஃப்ரிட்ஜ் விட்டுவிட்டு ஓடும், கெட்டில் மூன்று நிமிடம் ஓடி நிற்கும். கார் அப்படியில்லை. ஒரே கரண்ட்டைப் பத்து மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். அதனால் எத்தனை ஆம்பில் சார்ஜ் போடலாம் என்பதை எழுதியிருக்கும் எண்ணை வைத்து நான் முடிவு செய்வதில்லை. வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது, பிளக் எவ்வளவு சுடுகிறது, இந்த இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். அதற்காக ஒரு லீடு (நீட்டிப்புக் கேபிள்) செய்து, சோதித்துப் பார்த்து, தளத்தில் பயன்படுத்திய விவரம் இது.

முதலில் சார்ஜர் பெட்டி. காரோடு வரும் கேபிளின் நடுவே தொங்கும் பெட்டியைச் சார்ஜர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நிஜமான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. இந்தப் பெட்டி ஒரு காவலாளி மட்டுமே. எர்த் இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இத்தனை ஆம்புக்கு மேல் இழுக்காதே" என்று காருக்குச் சொல்லும். சொல்லும் விதம் அழகானது: பைலட் கம்பி என்ற மெல்லிய கம்பியில் நொடிக்கு 1000 துடிப்புகள் போகும். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதுதான் செய்தி. 10 சதவீத நேரம் நின்றால் 6 ஆம்ப், 16.7 சதவீதம் என்றால் 10 ஆம்ப், 26.7 சதவீதம் என்றால் 16 ஆம்ப். இந்த முறையில் 6 ஆம்புக்குக் கீழே இறங்க வழியில்லை. பழைய தளங்களில் தூணுக்குள் 6 ஆம்ப் பிரேக்கர் மட்டும் இருப்பதுண்டு. அங்கே காரைக் குறைந்தபட்ச அளவில் வைத்தாலும் பிரேக்கர் அதன் விளிம்பில்தான் நிற்கும். அதே இணைப்பில் இன்னொரு சாமானையும் போட்டால் ட்ரிப் ஆகிவிடும்.

நான் எடுத்துக்கொண்டது, நேராக நீல பிளக்கே பொருத்தப்பட்ட, 6, 8, 10, 13, 16 என்று ஆம்பை மாற்றிக்கொள்ளக்கூடிய, வோல்ட்டும் ஆம்பும் திரையில் காட்டும் பெட்டி. வீட்டு பிளக் உள்ள பெட்டியை வைத்துக்கொண்டு, நீல பிளக்கிலிருந்து வீட்டு சாக்கெட்டுக்கு மாற்றும் குட்டை அடாப்டரையும் பலர் பயன்படுத்துகிறார்கள். வேலை நடக்கும். ஆனால் வரிசையிலேயே பலவீனமான கண்ணி அந்த வீட்டு சாக்கெட்தான். அது பெரும்பாலும் புல்தரையில், மழைக்கும் பனிக்கும் திறந்து கிடக்கும். ஒவ்வொரு அடாப்டரும் கூடுதலாக இரண்டு முனைகளில் தொடுபுள்ளிகளைக் கொண்டுவருகிறது. சூடு பிறப்பதே தொடுபுள்ளிகளில்தான். அடாப்டர் இல்லாமல் முடிந்தால் அதுவே நல்லது.

லீடு செய்தது

கார் எப்போதும் தூணுக்குப் பக்கத்தில் நிற்காது என்பதால் 25 மீட்டர் லீடு ஒன்றைச் சொந்தமாகச் செய்தேன். ரப்பர் உறை போட்ட எச்07ஆர்என்-எஃப் வகைக் கேபிள், 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கம்பி. ஒரு முனையில் நீல பிளக், மறுமுனையில் நீல கனெக்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் லேசாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதைத் தொட மனம் வராது. 2.5 கேபிளில் கிலோமீட்டருக்குச் சுமார் 8 ஓம் தடை. போக 25 மீட்டர், வர 25 மீட்டர், மொத்தம் 0.4 ஓம். 16 ஆம்ப் ஓடினால் கேபிளிலேயே 6.4 வோல்ட் இறங்கும், 100 வாட் வெப்பமாகப் போகும். 1.5 கேபிளில் இதுவே 10.6 வோல்ட், 170 வாட்.

நுனி சீவும் இடத்தில்தான் பொறுமை வேண்டும். வெளி ரப்பரை உரிக்கும்போது உள் கம்பிகளின் உறையில் கத்தி லேசாகப் பட்டாலும் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி தொடங்குவது நல்லது. எர்த் கம்பியை மற்ற இரண்டைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமாக விட்டேன். கேபிளை யாராவது பலமாக இழுத்து உள்ளே கழன்றால்கூட எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும். மெல்லிய இழைகள் பிரிந்து நிற்காமல் ஒவ்வொரு நுனிக்கும் ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழலை மாட்டி, அதற்கான கிரிம்ப் கருவியால் அழுத்தினேன். ஈயம் வைத்து நுனியைக் கெட்டியாக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. திருகுக்கு அடியில் அது கூடவே கூடாது. ஈயம் மெதுவாக நசுங்கிக்கொண்டே போகும், ஒருநாள் திருகின் பிடி லூஸ் ஆகும், சூடு அங்கிருந்து தொடங்கும். பிளக்கின் பின்பக்கத்துக் கவ்வி வெளி ரப்பரைத்தான் பிடிக்க வேண்டும், உள் கம்பிகளை அல்ல. இறுக்கிய பிறகு கேபிளைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

மல்டிமீட்டரில் பின்னுக்குப் பின் அளந்தேன். மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்துவிட்டால் எர்த்திலிருந்து எர்த்துக்கு 0.2 ஓம். 25 மீட்டருக்கு இதுதான் வர வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் அதே அளவு. மூன்றில் ஒன்று மட்டும் கூடுதலாகக் காட்டினால் அந்தத் திருகைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பிறகு 500 வோல்ட் இன்சுலேஷன் சோதனை. 1 மெகாஓமுக்கு மேல் இருந்தாலே போதுமானது, புதுக் கேபிள் அதையெல்லாம் எங்கோ தாண்டி நிற்கும்.

கார் இழுப்பதற்கு முன்னால் ஒரு 2 கிலோவாட் ஹீட்டரை வீட்டில் இந்த லீடு வழியாக ஒரு மணி நேரம் ஓட விட்டேன். சுமார் 8.7 ஆம்ப். கேபிளை முழுக்கப் பிரித்துத் தரையில் வளைவு வளைவாகப் போட்டிருந்தேன். பிளக்கின் உடம்பைத் தொட்டால் அறை வெப்பத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. லீடு தேறியது.

உருளையில் சுற்றிய கேபிளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சுற்றிய நிலையில் எத்தனை வாட், பிரித்த நிலையில் எத்தனை வாட் என்று உருளையின் மேலேயே இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். சுற்றிய நிலைக்கான எண் பெரும்பாலும் மற்றதில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். கேபிளில் பிறக்கும் சூடு 25 மீட்டருக்கும் பரவினால் காற்றே ஆற்றிவிடும். சுற்றுக்குள் சுற்றாக அடைபட்டால் வெளியே போக வழியில்லாமல் நடுச்சுற்றுகளின் உறை இளகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மிச்சக் கேபிளை எவ்வளவு அழகாகச் சுற்றி வைக்கத் தோன்றினாலும் வேண்டாம்.

தளத்தில், செருகுவதற்கு முன்

தளத்தை நடத்துபவரிடம் காருக்குச் சார்ஜ் போடப் போவதாகச் சொல்லி அனுமதி கேட்டேன். கேட்பது மரியாதை மட்டுமல்ல. தூணுக்குள் எத்தனை ஆம்ப் பிரேக்கர், ஒரே கேபிளில் எத்தனை தூண்கள் தொங்குகின்றன, எந்தத் தூண் மெயின் பலகைக்கு அருகில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வரிசையின் கடைசித் தூணைவிட முதல் தூணில் வோல்ட்டேஜ் எப்போதும் நன்றாக இருக்கும்.

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் இறங்கும் குழிகளின் விளிம்பு பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கிறதா, பிளாஸ்டிக் உருகி வழிந்த தடம் இருக்கிறதா, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, எறும்புப் புற்றோ சிலந்தி வலையோ இருக்கிறதா. கருகிய வாசனை ஏதேனும் வந்தால் அந்த சாக்கெட்டை விட்டுவிட வேண்டும், எவ்வளவு அவசரம் என்றாலும். பிறகு பிளக்கை நுழைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பலம் கொடுத்தால்தான் இறங்க வேண்டும், வெளியே எடுக்கவும் அதே எதிர்ப்பு வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கினால் உள்ளே கவ்வும் உலோகம் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதில் ஒரு கெட்டில் போடலாம், கார் போடக்கூடாது.

அடுத்து, பாதுகாப்பு பிரேக்கர். கேரவன் தளங்களுக்கான ஐஇசி 60364 பகுதி 708 ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனியாக 30 மில்லிஆம்ப் ஆர்சிடி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் பிரேக்கர்) இருக்க வேண்டும் என்கிறது. பழைய தளங்களில் நாலைந்து சாக்கெட்டுக்கு ஒன்று என்று பகிர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் படக்கென்று விழ வேண்டும். பகிர்ந்த ஆர்சிடி என்றால் பக்கத்துக் கேரவன்காரர்களிடம் சொல்லிவிட்டு அழுத்துவதுதான் முறை. ஆர்சிடியின் வகையும் முக்கியம். அதன் முகத்தில் ஒரு சின்னம் இருக்கும். வெறும் அலைவடிவம் மட்டும் இருந்தால் ஏசி வகை, அலையோடு கீழே துண்டு அலையும் சேர்ந்திருந்தால் ஏ வகை. காரின் சார்ஜர் ஏசியை டிசியாக மாற்றுகிறது. அதில் கோளாறு வந்தால் ஏற்ற இறக்கமில்லாத டிசி கசியலாம். அந்த டிசி ஆர்சிடியின் உள்ளிருக்கும் இரும்பு வளையத்தை நிறைத்து அதன் கண்ணைக் கட்டிவிடும். அதற்குப் பிறகு ஒரு மனிதர் மீது நிஜமாக ஷாக் அடித்தாலும் அது விழாமல் போகலாம். ஏ வகை 6 மில்லிஆம்ப் டிசி வரை தாங்கும். அதனால்தான் ஐஇசி 62752 தரத்தில் செய்த சார்ஜர் பெட்டிகளுக்குள் 6 மில்லிஆம்ப் டிசி வந்தாலே துண்டித்துவிடும் உணரி வைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் அது இல்லாமல் போவதே என் பெரிய கவலை. பெட்டி வாங்கும்போது விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

எர்த்தைச் சோதிக்க மூன்று விளக்குள்ள சின்னச் சோதனை பிளக் கிடைக்கும். எர்த் கம்பி அறுந்திருக்கிறதா, ஃபேஸ் இடம் மாறியிருக்கிறதா என்று அது சொல்லும். எர்த் எவ்வளவு நல்லது என்று சொல்லாது. நூறு ஓம் தடையுள்ள துருப்பிடித்த எர்த்துக்கும் அது பச்சை காட்டும். சார்ஜர் பெட்டிகள் சிலவும் கார்கள் சிலவும் எர்த்தை அளந்து பார்த்து, மோசமாக இருந்தால் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். அப்போது காரைத் திட்டிக்கொண்டு நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள் இணைத்துக் கொடுக்கும் வேலையைச் சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் முழு உடம்பும் 230 வோல்ட்டில் நிற்கும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஒரு குழந்தை வந்து கதவைத் தொடும். பெட்டி மறுத்தால் வேறு தூணுக்குப் போவது ஒன்றுதான் வழி.

இதே ஆபத்து தளத்தின் வயரிங்கிலேயே இருக்கவும் கூடும். தெருவிலிருந்து வரும் இணைப்பில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வரும் ஏற்பாடு உண்டு. அந்தப் பொதுக் கம்பி அறுந்தால் எர்த் பின்னிலேயே மின்சாரம் நிற்கும், ஆர்சிடி எர்த் கம்பியைத் துண்டிக்காது என்பதால் அது காப்பாற்றாது. அதனால் திறந்தவெளித் தூண்களுக்குத் தனியாக மண்ணில் அடித்த எர்த் கம்பியை வைத்து, ஆர்சிடியை நம்பும் டிடி ஏற்பாட்டையே விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியன்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் தளத்தில் எது என்று நடத்துபவரிடம் கேட்கலாம்.

செருகிய பிறகு

வரிசை இதுதான்: முதலில் பெட்டியில் 6 ஆம்ப் வைத்தேன், லீடைத் தூணில் செருகினேன், பெட்டியை லீடில் செருகினேன், அது தன் சோதனையை முடித்துப் பச்சை காட்டிய பிறகே காரில் மாட்டினேன். லீடும் பெட்டியும் சேரும் இடம் தரையில் படாமல் ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் கூடைக்கு அடியில், சற்று உயரத்தில். பிளக்கில் எழுதியிருக்கும் ஐபி44 என்ற பாதுகாப்பு அளவு தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான். குட்டையில் கிடப்பதற்கு அல்ல. தூணிலிருந்து இறங்கும் கேபிள் சாக்கெட்டைவிடத் தாழ்வாக ஒரு வளைவு போட்டுத் தொங்கினால் மழைத்துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். பெட்டியின் எடையைப் பிளக் தாங்கக்கூடாது. பிளக் சாய்ந்தால் ஒரு பக்கம் மட்டும் அழுத்தித் தொடும்.

இனி வோல்ட். சார்ஜ் தொடங்கும் முன் பெட்டித் திரையில் 236. 6 ஆம்ப் ஓடியதும் 231. ஐந்து நிமிடம் விட்டு 10க்கு ஏற்றினேன், 228. சில நிமிடங்களுக்கு 16 வைத்துப் பார்த்தேன், 223. இறங்கிய வோல்ட்டை ஆம்பால் வகுத்தால் மூன்று முறையும் 0.8 ஓம் வருகிறது. அதில் என் லீடு 0.4. மீதி 0.4 தூணிலிருந்து மெயின் வரை உள்ள கம்பி. ஆம்பை மாற்றினாலும் இந்த எண் மாறாமல் நிற்கிறது என்றால் அது கம்பியின் நீளம். அதில் பயமில்லை.

பயப்பட வேண்டியது ஒரே ஆம்பில் நேரம் போகப் போக இறக்கம் கூடுவது. மோசமான தொடுபுள்ளி சூடாகும், சூடானால் உலோகத்தின் மேல் ஆக்ஸைடு படியும், படிந்தால் தடை கூடும், இன்னும் சூடாகும். 10 ஆம்பில் கூடுதலாக 1 வோல்ட் ஓர் இடத்தில் இறங்கினால் அங்கே 10 வாட். அது 25 மீட்டருக்குப் பரவவில்லை, ஒரு பின்னின் நுனியில் குவிந்திருக்கிறது. 2 வோல்ட் என்றால் 20 வாட், அது ஒரு சால்டரிங் அயர்னின் சக்தி.

ஆனால் சாயங்காலம் எல்லாரும் சமைக்கத் தொடங்கும்போதும் வோல்ட் இறங்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. காரில் சார்ஜை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, சும்மா இருக்கும் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். அன்று ஒரு மணி நேரம் கழித்து 228 இருந்தது 224 ஆகியிருந்தது. நிறுத்தினேன், 232 காட்டியது. வித்தியாசம் அதே 8 வோல்ட். என் இணைப்பு மாறவில்லை, அக்கம்பக்கத்துச் சுமைதான் ஏறியிருக்கிறது. நிறுத்தும்போது பழைய 236க்கே திரும்பியிருந்தால், 12 வோல்ட் இறக்கம் என் வரிசையில் எங்கோ ஒரு மூட்டு எரியத் தொடங்கியிருப்பதைச் சொல்லியிருக்கும். செம்பும் சூடானால் தடை கொஞ்சம் கூடும், ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவுக்கு. ஆகவே அரை வோல்ட் கூடினால் கவலையில்லை.

கூடவே கையும் வேண்டும். அரை மணியில் ஒரு முறை, ஒரு மணியில் ஒரு முறை, படுக்கப்போகும் முன் ஒரு முறை, தூணின் பிளக்கையும் லீடின் கனெக்டரையும் வெளிப்பக்கம் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு சரி. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உள்ளே பின் அதைவிட இன்னும் அதிகச் சூடாக இருக்கும், உடனே நிறுத்த வேண்டும். சூடு ஆம்பின் வர்க்கத்தில் ஏறும் என்பதை நினைவில் வைத்தால் முடிவெடுப்பது சுலபம்: 0.1 ஓம் கெட்ட தொடுபுள்ளியில் 16 ஆம்ப் ஓடினால் 25.6 வாட், 10 ஆம்ப் என்றால் 10 வாட், 8 ஆம்ப் என்றால் 6.4 வாட். ஆம்பைப் பாதியாக்கினால் சூடு கால்வாசி.

இரவுக்கு 10 ஆம்பில் நிறுத்திக்கொண்டேன். தூணில் 16 ஆம்ப் பிரேக்கர் இருந்தும் அதற்கு மேல் போகவில்லை. பிரேக்கரின் அளவு 30 டிகிரி வெப்பத்துக்கு வரையறுத்தது. வெயிலில் காய்ந்த பெட்டிக்குள் நாலு பிரேக்கர்கள் ஒட்டி ஒட்டி நின்றால் ஒவ்வொன்றும் சீக்கிரமே விழும். 10 ஆம்ப் பிரேக்கர் உள்ள தூணாக இருந்தால் 8 வைத்திருப்பேன்.

10 ஆம்பில் சுமார் 2.3 கிலோவாட். பத்து மணி நேரத்தில் சாக்கெட்டிலிருந்து ஏறக்குறைய 23 யூனிட் போகும், காருக்குள் நடக்கும் இழப்பு போக 20 பேட்டரியில் சேரும். 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் தின்னும் காருக்கு அது 120 கிலோமீட்டருக்கு மேல். 6 ஆம்பில் வைத்தால் பாதுகாப்பு கூடும் என்று எப்போதும் அதிலேயே வைப்பதும் வீண்தான். சார்ஜ் ஏறும்போது காரின் கம்ப்யூட்டரும் பம்பும் விழித்திருக்க 200, 300 வாட் எடுத்துக்கொள்ளும். 1.4 கிலோவாட்டில் அது பெரிய பங்கு, 2.3இல் சின்னப் பங்கு.

காலையில் கழற்றும்போது வரிசை தலைகீழ். முதலில் காரில் சார்ஜை நிறுத்தி, ஆம்ப் பூஜ்யம் ஆனதைத் திரையில் பார்த்துவிட்டு, காரிலிருந்து, பிறகு லீடிலிருந்து, கடைசியாகத் தூணிலிருந்து. ஓடும் கரண்ட்டில் நீல பிளக்கை உருவினால் உள்ளே தீப்பொறி பாய்ந்து பின்னின் நுனி குழிவிழும், அடுத்து வருபவர் அந்தக் குழியோடு சார்ஜ் போடுவார்.

உருவியதும் பின்களைத் துடைத்துப் பார்த்தேன், பளபளவென்று இருந்தன. எப்போதாவது ஒரு பின் மட்டும் நீலம் அல்லது பழுப்பு ஏறியிருந்தால் அதை உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்கக்கூடாது. மேல்பூச்சு போய்விடும், அடுத்த முறை இன்னும் சூடாகும். என் பக்கத்துப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். தூணின் சாக்கெட்டையும் மாற்றச் சொல்லித் தளத்தை நடத்துபவரிடம் எந்தத் தூண், எந்தக் குழி என்று காட்டிவிட்டு வர வேண்டும். கவ்வும் பலம் போன சாக்கெட்டில் புதுப் பிளக்கும் அதே இடத்தில்தான் கருகும்.